நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு

திருப்பதியிலிருந்து சித்தூர் பஸ் காலை 7.20க்குக் கிளம்பியது. எழுபது கிலோமீட்டர், டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். சித்தூரில் இறங்கி வேறு பஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வேலூரில் இருக்கலாம்.

நான் வேலூரில் கணக்கு டீச்சர். சென்ற வருடம் முதல் காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தது. பாடம் நடத்தும்போதே கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இதயத்தில் கோளாறில்லை என்ற டாக்டர், மூச்சுப் பயிற்சி கற்றுக்கொள்ளச் சொன்னார். அதற்காகத்தான் திருப்பதியில் ஐந்து நாள் யோகா வகுப்பு. நாலு எண்ணி இழுக்க வேண்டும், ஆறு எண்ணி விட வேண்டும். வெளிவிடும் மூச்சு நீண்டால் உடம்பே தணியும் என்றார் ஆசிரியை. நான் ஒரு எண்கூடத் தவறவிடவில்லை. கடைசி நாள் எல்லோர் முன்னாலும் என்னைத்தான் செய்துகாட்டச் சொன்னார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் மல்லிகா. நகரியில் பவர்லூம் தறி ஓட்டுகிறவள். மகளைப் பார்க்கச் சித்தூர் போகிறாள். அதே வகுப்புதான். ஆனால் தினமும் பத்தாவது நிமிடம் குறட்டை விட்டுவிடுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

7.55க்குச் சந்திரகிரி தாண்டியது. அடுத்த சில நிமிடங்களில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ராங் சைடில் நேராக எங்களை நோக்கி வந்தது.

டிரைவர் ஒடித்துத் திருப்பினார். பஸ் தடுப்புக் கம்பியை உரசிக்கொண்டே போய் நின்றது. முன்கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் அலறினோம்.

யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் டிரைவர் இருக்கையை விட்டு எழவில்லை. நாற்பது வயதிருக்கும். மூச்சு வேகவேகமாக இரைத்தது. விரல்கள் கோழிக்கால் போல உள்ளே மடங்கி விறைத்திருந்தன.

"கை வர்ல... ஊபிரி ஆடட்லேது" என்றார். மூச்சே ஓடவில்லை என்று தெலுங்கில் திணறினார்.

"ஹார்ட் அட்டாக்குதான்!" என்று கத்திய கண்டக்டர், 108க்குப் போன் போட்டார்.

எனக்குத் தெரிந்த வேலை இது. எழுந்தேன். வாய் திறந்தால் சத்தம் வரவில்லை. சரி, முதலில் நான் மூச்சு விடலாம் என்று எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு. அதற்கு மேல் எண் வரவில்லை. முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு மூன்று வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மல்லிகா என்னைத் தாண்டிப் போனாள். டிரைவர் முன்னால் குந்தினாள்.

"என்னப் பாரு நைனா. இழுக்காத. மொதல்ல ஊது. சுடு கஞ்சிய ஊதறாப்ல மெள்ள ஊது. நான் எண்ணிக்கினு வர்றேன்."

"சச்சிப்போத்தானா அக்கா?" செத்துவிடுவேனா என்று கேட்டார்.

"ஆம்புலன்சு வந்துக்கினுகீது. அது வர்ற வரைக்கும் ஊது."

விரல்விட்டு எண்ணியபடியே அவளும் ஊதினாள். கடிகாரத்தைப் பார்த்தேன்: 8.12. 8.20க்கு அவருடைய கட்டைவிரல் அசைந்தது. பிறகு ஒவ்வொரு விரலாக விரிந்தது. அவர் வாய்விட்டு அழுதார்.

ஆம்புலன்சில் வந்தவர் பரிசோதித்தார். "பயத்துல வேகமா மூச்சு வாங்கினா வெரல் இப்படி மடங்கும். ஆனாலும் ஆஸ்பத்திரில பாத்துடணும்" என்று அவரை ஏற்றிப் போனார்.

மாற்று பஸ் 9.10க்கு வந்தது. "வகுப்புல தூங்கிட்டே இருந்தீங்களே?" என்று மல்லிகாவிடம் கேட்டேன்.

"லூம் சத்தம் காதுலயே நின்னுக்கினு ஒரு வருசமா தூக்கமே இல்ல டீச்சர். அங்க மூச்சு விட்டாத்தான் தூக்கம் வந்துச்சு. வேற எதுக்கு வந்தேன்?"

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. சித்தூரில் இறங்கும்போது அவள் போன் நம்பரை வாங்கி, என் நம்பரையும் கொடுத்தேன்.

வேலூர் வந்த மூன்றாம் நாள் மாலை அவளே கூப்பிட்டாள். டிரைவர் நலமாக வீடு திரும்பிவிட்டாராம். பிறகு குரல் இறங்கியது.

"டீச்சர், எனக்கு மறுபடியும் தூக்கம் போச்சு. கண்ண மூடினா டிராக்டருதான் வருது. நானே எண்ணினா கணக்கு நிக்கல. நீங்க எண்ணுறீங்களா?"

அவளுக்குப் பயமே கிடையாது என்றல்லவா நினைத்திருந்தேன்! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மொதல்ல ஊதுங்க மல்லிகா" என்றேன். எண்ண ஆரம்பித்தேன்.