புக்கிட் காதில் வில் மைதானத்தில் கயிற்றைத் தாண்டிய நாள்

பள்ளிக்கூடத்திலிருந்து நின்றபின் புக்கிட் காதிலுக்குக் கீரை விற்கப் போவேன். அங்கே ஜப்பானியர் வில் பழகும் மைதானத்தை வேலி வழியாகப் பார்த்துப் பார்த்து, ஒரு அம்பாவது எய்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே கிளம்பினேன். என்னைப் போல ஆசைப்படும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காஜா பெராங்கிலிருந்து நான்கு மைல் இருக்கும். டோக்கியோ நேரம் எட்டு மணிக்கு, அதாவது நம் பழைய நேரம் ஆறரைக்குப் புறப்பட்டால் வெயிலுக்குமுன் போய்விடலாம். மாட்டுவண்டி கிடைத்தது. ஜப்பானியர் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டை நீட்டினேன்.

"வாழைமர நோட்டா? அதை வெச்சு அடுப்பு மூட்டலாம். கிழங்கு இருக்கா?" என்றார் வண்டிக்காரர்.

இரண்டு மரவள்ளிக் கிழங்கு கொடுத்தேன். வழியில் காவல் நிற்கும் சிப்பாய்க்கு இறங்கிக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். மறந்தால் அறைதான்.

மைதானத்தில் அம்பு பொறுக்குபவர் காதர் நானா. எங்கள் தெருக்காரர்.

"கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லு புள்ள. பொம்பளைங்களுக்கு உள்ள வேலையில்லை."

வெளியே நின்றே விதிகளைத் தெரிந்துகொண்டேன். காதர் நானா சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்பு பொறுக்குவார். கொடி மேலே இருக்கும்வரை யாரும் வில்லைத் தொடக் கூடாது. இறங்கினால் எய்யலாம்.

அவர் இலக்குக்கு முன்னால் நின்றிருந்தபோது அதிகாரி ஒருவர் வாசலில் நுழைந்தார். நானா பதறிப்போய் இடுப்புவரை குனிந்தார். கையிலிருந்த கொடியும் கூடவே இறங்கியது. எய்ய நின்றவர் கொடியை மட்டும் பார்த்து வில்லை இழுத்தார்.

கடையில் உப்பு கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள் நான். வேண்டாம் என்பதை "ஜாங்கான்!" என்று மலாயில் கத்திவிட்டேன். வில் தாழ்ந்தது.

மைதானப் பொறுப்பாளரான ஜப்பானியர் என்னிடம் வந்து ஏதோ சொன்னார்.

"என்னைக் காப்பாத்தினதுக்கு உனக்கு என்ன வேணும்னு கேக்கறாரு. அரிசி கேளு புள்ள, அரிசி!" என்றார் நானா.

வீட்டில் அரிசிச் சோறு பார்த்து வெகு நாளாகிறது. ஆனாலும் வில்லைக் காட்டினேன். "கொடியைக் கம்பத்துல கட்டச் சொல்லுங்க நானா. கையில வேணாம்."

"பைத்தியம்," என்று முணுமுணுத்தபடி இரண்டையும் சொன்னார்.

கம்பம் நட்டபின்தான் கயிற்றைத் தாண்டவிட்டார்கள். பக்கத்தில் இருந்த வைக்கோல் கட்டுதான் எனக்கு இலக்கு. நாண் கையில் சுளீரென்று அடித்தது. அம்பு கட்டின் ஓரத்தில் குத்தி நின்றது. அடுத்த ஞாயிறும் வரலாம் என்றார்கள்.

போகிறவர்கள் கையை மூடும் சட்டையும் குடிக்கத் தண்ணீரும் கொண்டுபோங்கள். பின்னலை இறுக்கிக் கட்டுங்கள். "பொம்பளைங்களுக்கு இல்லை" என்றால் உடனே திரும்பி வராதீர்கள். கொடி கம்பத்தில் பறக்கும்போது அம்பு பொறுக்கப் போயிருந்தால், யார் வந்தாலும் முதலில் இலக்கைவிட்டு வெளியே வாருங்கள், பிறகு குனியுங்கள்.