மாட்டு ரசீதைக் காட்டிப் பிடித்தார்கள்

சோழவந்தானுக்கு மேற்கே வாய்க்கால் ஓரம் அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவள் தங்கப்பொண்ணு. வைத்திருந்தவள் என்றால் நிலம் அவளுடையது இல்லை. நிலம் பண்ணையாருடையது. அகத்தி நட்டு, கொடி கட்டி, கோடையில் இரண்டு வேளையும் தண்ணீர் மொண்டு ஊற்றியது அவளும் அவள் புருஷன் அழகுமலையும். அதுவரை தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வயலில் கூலிக்குக் குனிந்த குடும்பம். மூன்று வருஷக் குத்தகை என்று பண்ணையார் வாயால் சொன்னார். எழுத்து ஒன்றும் இல்லை. பெரிய மனிதர் வாயைக் காகிதத்தில் கட்டிப்போடக் கேட்கலாமா?

ஒரு வருஷம் முடிந்தது. கொடி தளதளவென்று ஏறி இலை கிள்ளுகிற பதம் வந்ததும் அந்த வாய் மாறிவிட்டது. நிலத்தை விட்டுவிடு என்றார். மூன்று வருஷம் என்றீர்களே என்று அழகுமலை கேட்டான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அது முப்பதுகளில் ஒரு பங்குனி. பதினெட்டாம் தேதி காலையில் ஏட்டு ஒருவர், ஊர்த் தலையாரி மலைச்சாமியை முன்னால் விட்டுக்கொண்டு கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு வந்தார். கொடிக்காலுக்குள் செருப்போடு யாரும் நுழைவதில்லை. பண்ணையாரே வரப்பில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வருவார். தங்கப்பொண்ணுக்கு முதலில் வயிறு எரிந்தது அந்தச் செருப்பைப் பார்த்துத்தான்.

"பண்ணைத் தோட்டத்துல கொடிய வெட்டிப்புட்டயாமில்ல. நட போலீஸ் டாணாவுக்கு" என்றார் ஏட்டு.

அழகுமலை குடத்தைக் கீழே வைத்துவிட்டு நடக்கத் தயாரானான். ஏட்டின் பெல்ட்டில் பளபளத்த பித்தளை வில்லையே அவனுக்கு உத்தரவு. தங்கப்பொண்ணு குறுக்கே வந்து நின்றாள். போன வருஷம் ரயிலடியில் கதர்ச்சட்டைக்காரர் ஒருவரைப் பிடித்தபோது, அவர் வாரண்டு எங்கே என்று கேட்டு வாங்கி, வரிவரியாகப் படித்துவிட்டு அதன் பிறகுதான் வண்டியில் ஏறினார். இலைக் கூடையோடு நின்று அதைப் பார்த்தவள் அவள்.

"வாரண்டு காட்டுங்கய்யா. பெறகு கூட்டிட்டுப் போங்க."

ஏட்டு சிரித்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவள் முகத்துக்கு நேரே விரித்தார். எழுத்து இருந்தது. வட்டமாகக் கறுப்பு முத்திரை இருந்தது. "இந்தா, நீயே வச்சுக்க. படிச்சுப் பாரு" என்று அவள் கையில் திணித்தார்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழுத்து என்றால் சாமி, முத்திரை என்றால் சர்க்கார். ஒற்றிக்கொண்டு வழியை விட்டாள். தன் புருஷனைத் தன் கையாலேயே அனுப்பி வைத்தாள். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் ஏட்டின் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல்தான் அவளுக்குக் கோபம் அதிகமாக வந்தது.

மூன்று நாள் ஆகியும் அவன் வரவில்லை. டாணாவுக்குச் சோறு கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொண்டு விரட்டினார்கள். தன்னந்தனியாக எவ்வளவு ஊற்றினாலும் பங்குனி வெயிலுக்குப் பற்றவில்லை. கடைசிப் பாத்தியில் கொடி வாடித் தொங்கியது. நாலாம் நாள் காலை ரயிலில் மதுரைக்குப் போனாள். வழக்கமாக அவளிடம் இலை வாங்குகிற வீடுகளில் பிச்சுமணி என்பவர் வீடும் ஒன்று. அவர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. இலைக் கவுளியைக் கொடுத்துவிட்டு, மடியிலிருந்த காகிதத்தை எட்ட நின்றே நீட்டினாள்.

"சாமி, இதுல எம்புருசன் என்ன செஞ்சதா எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

பிச்சுமணி படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இது பயிரை மேய்ஞ்சதுன்னு பிடிச்சுப் பவுண்டுல அடைச்ச மாட்டுக்கு ரசீதும்மா. மயிலைக் காளை ஒண்ணு, இடது கொம்பு முறிஞ்சதுன்னு போட்டிருக்கு."

"எம்புருசன் பேரு?"

"இல்லை."

அவள் அழவில்லை. கூடைப் பிடியை இறுக்கிய இறுக்கில் பிரம்பு ஒடிந்தது.

"கொடி வெட்டினான்னு சொன்னா அது நஷ்டம் பண்ணின கேஸ். மாஜிஸ்திரேட் வாரண்டு இல்லாம போலீஸ் தொடப்படாது. வாரண்டுல ஆள் பேர் இருக்கணும், கேட்டாக் காட்டணும். வாரண்டே வேண்டாத கேஸானாலும் இருபத்துநாலு மணிக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி கொண்டுபோய் நிறுத்தணும். இன்னியோட நாலு நாளாச்சு" என்றார் பிச்சுமணி. மனு எழுதிக் கொடுத்தார். "மாஜிஸ்திரேட் என்ன உத்தரவு போட்டாலும் நகல் கேட்டு வாங்கிடு. மறந்துடாதே" என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் மாஜிஸ்திரேட் மேஜையில் மனுவும் மாட்டு ரசீதும் கிடந்தன. ஏட்டைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சட்டப்படி தப்பில்லாமல் பேச ஏட்டுக்குச் சொல்லியா தர வேண்டும்?

"நான் அரெஸ்டே பண்ணலீங்க எசமான். விசாரணைக்குன்னு அவனாத்தான் வந்தான். பதினெட்டாம் தேதியிலிருந்து டாணாவ விட்டு ஒரு அடி நகரல. அம்புட்டு மரியாதையா வச்சிருந்தோம்."

மாஜிஸ்திரேட் அதை எழுதிக்கொண்டார். அழகுமலையை உடனே விடச் சொன்னார். ஏட்டைப் பார்த்து, இனிமேல் ஜாக்கிரதையாக இரு என்றார். ஐந்து நாள் ஒரு மனிதனை அடைத்து வைத்ததற்குத் தண்டனை அந்த ஒரு வார்த்தைதான். ஏட்டு சலாம் வைத்துவிட்டு வெற்றிலை போடப் போனார்.

வெளியே வந்த அழகுமலையின் முதுகில் லத்தித் தழும்பு இருந்தது. இடது பெருவிரலில் மை இருந்தது.

"முந்தாநாளு பண்ணைக் கணக்குப்பிள்ள டாணாவுக்கு வந்தாரு. விரலப் பிடிச்சு உருட்டிட்டாங்க புள்ள. என்ன எழுத்துன்னு தெரியல" என்றான். என்ன எழுத்து என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொடிக்கால் போய்விட்டது என்று அப்போதே நெஞ்சு சொல்லிவிட்டது. இருந்தாலும் நகலுக்கு மனுப் போட்டுவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினாள்.

சித்திரை பிறந்த மறுவாரம் பண்ணைக் கணக்குப்பிள்ளை ஆள் அம்புடன் வந்து வரப்பில் நின்றார். தெருச் சனம் முழுதும் கூடிவிட்டது. அவர் காகிதத்தை விரித்து உரக்கப் படித்தார். பங்குனி இருபதாம் தேதி அழகுமலை பண்ணையார் வீட்டுக்குத் தானே வந்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில், முழு மனதோடு கொடிக்காலை ஒப்படைத்துக் கைநாட்டு வைத்தான் என்று அதில் இருந்தது.

"தேதிய இன்னொருக்கா படிங்க" என்றாள் தங்கப்பொண்ணு.

"பங்குனி இருபது."

அவள் மடியிலிருந்து, கோர்ட்டில் வாங்கி வந்திருந்த நகலை எடுத்தாள். இந்தத் தடவை கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. "இதையும் நீங்களே படிங்க. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே."

கணக்குப்பிள்ளை படித்தார். மாஜிஸ்திரேட் முத்திரை போட்ட உத்தரவு. ஏட்டு தம் வாயால் சொன்னது அப்படியே அதில் இருந்தது. பதினெட்டாம் தேதியிலிருந்து டாணாவை விட்டு ஒரு அடி நகரவில்லை என்ற இடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒரு தவளை கத்தி இன்னொரு தவளை அகப்பட்டது.

"இருபதாந் தேதி எம்புருசன் டாணாவுல இருந்தானா, உங்க எசமான் வீட்ல இருந்தானா? டாணாவுலன்னா இந்தக் கைநாட்டு பொய். வீட்லன்னா ஏட்டு மாஜிஸ்திரேட்டுகிட்டச் சொன்னது பொய். யாரு பொய்யின்னு நீங்க சொல்லுங்க. நான் அவங்க மேல மனுப் போடணும்."

கணக்குப்பிள்ளை காகிதத்தை மடித்துக்கொண்டு வந்த வழியே போனார். கூட வந்த ஆட்களும் போனார்கள். கொடிக்காலில் பாதி கருகிக் கிடந்தது. அந்தப் பாதியை யாரும் திருப்பித் தரவில்லை.