ரயிலில் நான் திருடிய நடிப்பு

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். எதையும் பார்த்தே கற்றுக்கொண்டுவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு.

பல்கலைக்கழகக் குறும்படம் ஒன்றில் 'டிக்ஸ்' கோளாறு உள்ள பெண்ணாக நடித்தேன். அவளையறியாமல் தோள் வெட்டி இழுக்கும், தொண்டை செருமும். ஈசூன் நிலையத்திலிருந்து நான் பல்கலைக்கழகம் போகும் ரயிலில் அப்படி ஒருவர் தினமும் வருவார். எதிரே உட்கார்ந்து, எதையோ படிப்பதுபோல், கைப்பேசியில் அவரை ரகசியமாகப் படம் பிடித்தேன். வீட்டுக் கண்ணாடி முன் அப்படியே பழகினேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு சிறிய அரங்கில் படம் திரையிடப்பட்டது. அந்தக் கோளாறு உள்ள சிலரையும் அழைத்திருந்தது எனக்குத் தெரியாது. கைதட்டல் ஓயுமுன் பின்வரிசையிலிருந்து அந்த ரயில் பயணி எழுந்து வந்தார். என் பக்கத்தில் அப்பா.

"தங்கச்சி, ட்ரெய்ன்ல போனைப் பிடிச்சிட்டு எதிர்ல உட்காருவீங்களே, நீங்கதானே?"

கையிலிருந்த கைப்பேசியைப் பைக்குள் நுழைத்தேன்.

"தோளு, தொண்டை எல்லாம் கரெக்ட் லா. ஆனா முகத்துல பயமே இல்லையே. யாரு பாக்குறா, யாரு போன்ல எடுக்குறான்னு நான் பயந்துக்கிட்டேதான் வருவேன்." என் முகத்தைப் பார்த்தார். "இப்ப உங்க முகத்துல இருக்கு பாருங்க, இதுதான்."

அவர் போனதும் அப்பா பெருமையாகக் கேட்டார்: "உனக்கு நடிப்பு சொல்லிக்குடுத்தவராம்மா?"

ஆமென்று தலையாட்டினேன்.

ரயிலில் எடுத்த பதிவை அன்றே அழித்துவிட்டேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. இப்போது எழுதியிருக்கும் இதை நான்தான் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். இன்னும் பயமாக இருக்கிறது.