'கேம் ஆஃப்' என்று வந்த செய்தி

செஞ்சியில் பத்து வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கர்வத்தில் ஒரு தாயைக் கால் மணி நேரம் துடிக்க வைத்தவள் நான்.

எதிர்வீட்டு அஞ்சலையின் மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறான். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், அங்கேயே ஆபரேஷன் என்று முடிவானது. அன்று மதியம், கடலை பறித்த மண் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவனுடைய சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் செய்தி அனுப்பியிருந்தார்.

"இன்னா டீச்சர் போட்டிருக்குது?"

'ஆபரேஷன் கேம் ஆஃப் (came off) திஸ் மார்னிங்' என்று இருந்தது. சட்டையில் பட்டன் கழன்று விழுந்தால் 'கேம் ஆஃப்' என்பார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆபரேஷன் சரியா வரலையாம், அஞ்சலை."

அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அழுது ஓய்ந்த பிறகு அவளேதான் சொன்னாள்: "அந்த ஆளுக்குப் போன் போடுங்க டீச்சர். எம்புள்ள உசுரோட இருக்கறானான்னு கேளுங்க."

சூப்பர்வைசர் பொறுமையாக விளக்கினார். ஏற்பாடு செய்த காரியம் நினைத்தபடி நடந்து முடிந்தாலும் 'கேம் ஆஃப்' என்பார்களாம். பையன் கண்விழித்து அம்மாவைக் கேட்டானாம்.

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"தெரியலன்னு சொல்லியிருந்தா நான் இன்னா டீச்சர் நெனச்சிருக்கப் போறேன்?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது வகுப்பில் தெரியாத சொல் வந்தால், "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்கிறேன். முதல்முறை பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.