நாத்தனாரும் ரேடியோ இரைச்சலும்

நியாலாஸ் ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கி, மலாக்காவின் கிளேபாங் சாலையோரக் கடையில் செண்டோல் எனும் ஐஸ் இனிப்பைச் சாப்பிடுகிறேன். ரேடியோவில் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கிறார்கள். கடைக்கார அக்காவின் நாத்தனாருக்கு இன்று பிறந்தநாள். அவரும் கடையில் உட்கார்ந்து, ரேடியோவில் தன் பெயர் வரக் காத்திருக்கிறார். ரேடியோ நிலையத்துக்கு வாழ்த்து அட்டையை அனுப்பவே மறந்துவிட்டதாக அக்கா சற்றுமுன் என்னிடம் கிசுகிசுத்தார். இப்போது ரேடியோக் குமிழை மெல்லத் திருகுகிறார். ஒரே இரைச்சல்.

"பாருங்க அண்ணி, உங்க பேரு வர்ற நேரம் பார்த்து இரையுது லா!"

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான், சும்மா இருப்பேனா? "இங்கிலாந்து, சுவீடன்லலாம் டிஜிட்டல் ரேடியோ வந்திருச்சு. இரைச்சலே இருக்காது," என்கிறேன்.

"அப்படியா! நம்ம ஊருக்கு எப்போ வரும், தங்கச்சி?" என்கிறார் நாத்தனார்.

அக்கா என்னை முறைக்கிறார்.

"இப்போதைக்கு வராதுக்கா," என்று நாத்தனாரிடம் சமாளிக்கிறேன்.

அக்கா கையால் என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி குலா மலாக்கா வெல்லப்பாகு விழுகிறது.