பேக்கரிப் பயிற்சிக்கு ஆள் தேவை

இன்று மதியம் டவுன் பஸ்ஸில் செல்வியைப் பார்த்தேன். எங்கள் அறக்கட்டளையின் தையல் பயிற்சியில் எல்லோரையும்விட நன்றாகத் தைத்தவள். உப்பளத்தில் வேலை முடித்து வந்திருந்தாள். பாதமெல்லாம் உப்பு அரித்த புண்.

"ஏளா, நாங்க சேத்துவிட்ட தையல் கம்பெனிக்குப் போகலையா?"

"அத மூடிட்டாவக்கா. ஆர்டரே வரல."

"அடுத்த மாசம் பேக்கரிப் பயிற்சி இருக்கு, வாயேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை.

"கேக்கு செய்யப் படிச்சிட்டும் உப்பளத்துக்குத்தானக்கா போவணும்? என்கூடத் தையல் படிச்ச எல்லாரும் அங்கனதான் நிக்கோம்."

தன் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதுதான் என் வேலை. இத்தனை பயிற்சிகளால் இந்த ஊரில் வேலை கிடைத்தது எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது. வேறு யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.