பெட்டிக்குள் போன பம்ப்

என் கணவருக்கு அபுதாபியிலிருந்து தள்ளியிருக்கும் ருவைஸ் எண்ணெய் ரிஃபைனரியில் வேலை. போன வருட லீவில், ஃபிஜியில் ஒரு சின்னத் தீவில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அந்தத் தீவுக்குக் குட்டி விமானம்தான். எங்களையும் எடை போட்டுவிட்டு, "பாரம் அதிகம். பெட்டி அடுத்த வாரம் வரும்" என்றார்கள். சரியென்று ஏறிவிட்டோம்.

அவருக்கு ஆஸ்துமா உண்டு; மறுநாள் காலையில் மூச்சு இழுத்தது. "மருந்து இழுக்கிற பம்ப் எங்கேங்க?" என்றேன்.

"பெட்டியில..." என்றவரால் அதற்குமேல் பேச முடியவில்லை.

தீவு ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இல்லை. நாத்தனார் வீடு வீடாக ஓடிக் கேட்டார். கடைசியில் ஒரு டீச்சர், "என்னிடம் இன்னொன்று இருக்கிறது" என்று தன் பம்பைக் கொடுத்தார். மெல்ல மூச்சு சீரானது.

இப்போது அபுதாபிக்குக் கடைகண்ணிக்குப் போனாலும் மருந்து என் கைப்பையில்தான். கிளம்புமுன் அவரே திறந்து பார்த்துக்கொள்கிறார்.